கோணக்காலன் நேராக நடந்த நாள்

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் வழக்கமாக "ரெண்டு காப்பி" என்பார்கள். அன்று காலை வந்த பெண் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, "சர்வேயர் அம்மான்னு ஒருத்தர் இங்க இருக்காங்களாமே?" என்று கேட்டாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

கடைக்காரர் பின்பக்கம் கை காட்டினார். அங்கே காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் கிடந்தன. சர்வேயர் அம்மாவின் அலுவலகம் அவ்வளவுதான். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கிடங்கு தானாக எரிந்ததா, தொலைந்த நகை நிஜமாகவே தொலைந்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி சும்மா இருக்கவில்லை. வாடகைக்கு இடம் கொடுத்த ஜெராக்ஸ்காரர் தாமாகவே உதவியாளரும் ஆகிவிட்டார். நாற்பத்திரண்டு வயது மனிதர். துப்பறிவதில் ஆசை ஒரு மூட்டை, பொறுமை ஒரு சிட்டிகை.

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி. அப்புறம் மோதிரம்" என்றார் சர்வேயர் அம்மா.

அந்தப் பெண் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அவருடைய அப்பா லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். அம்மாவும், இவள் அண்ணி என்று கூப்பிடும் அக்கா ஒருத்தியும் உண்டு. அந்த அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வருடக் கடைசி விடுமுறையில் இவர்கள் எல்லோரும் அப்பா வீட்டில் கூடிச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல்களைப் போர்வையால் மூடி, ஒரே ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். காணாமல் போன கப்பலைத் தேடிப் போகும் மூன்று சகோதரர்களின் கதை. கறுப்பு வெள்ளைப் படம். இருபத்தைந்து வருடமாக அதே படம்தான்.

"இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டாங்க. படத்துக்கு இடைவேளை விட்டதும் அத்தை ஒரு சின்னப் பெட்டியத் திறந்து, 'இது உங்க மாமாவோட அப்பா போட்டிருந்தது, இனிமே உனக்கு'ன்னு விரல்ல போட்டாங்க. பழைய காலத்து மோதிரம், ரொம்பத் தடிமன், கல்லு கிடையாது. லூசாத்தான் இருக்கும், சின்னதாக்கிக்கலாம்னாங்க. அண்ணி என் கையப் பிடிச்சுப் பார்த்தாங்க. 'என்னம்மா இவ்ளோ லேசா இருக்கு'ன்னாங்க. ஜன்னல் போர்வைய விலக்கி வெளிச்சத்துல பார்த்தா..."

"பித்தளை" என்றார் சர்வேயர் அம்மா, மோதிரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்.

"ஆமாக்கா. பித்தளை. யாரோ தங்கத்த எடுத்துட்டு இத வெச்சிருக்காங்கன்னு ஆயிடுச்சு. நான் பார்க்கிறது உலோகத்த உருக்கி அச்சுல ஊத்துற வேலை. முதல் பாதில லேப்ல இருந்து போன் வந்துச்சுன்னு எழுந்து வெளிய வேற போனேன். டைம்கீப்பர் அண்ணன் சீட்டு எடுத்து எழுதிட்டார். மூணு நாப்பத்திரண்டுக்குப் போனா, மூணு அம்பத்திமூணுக்கு வந்தா, பதினொரு நிமிஷம்னு. அத்தை ரூம் வழியிலதான் இருக்கு."

"பெட்டிய அதுக்கு முன்னாடி யாராவது திறந்து பார்த்தாங்களா?"

"காலைல அத்தை மோதிரத்தக் கழுவி உள்ள வெச்சதுதான். அப்புறம் இடைவேளைலதான் திறந்தாங்க. கிளம்பும்போது அண்ணி இந்தப் பித்தளைய என் கைல திணிச்சு, 'இது உன்னோடதுதானே, நீயே வெச்சுக்கோ'ன்னு சொன்னாங்கக்கா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசப் போறாங்களாம். கல்யாணம் நின்னாக்கூடப் பரவால்ல. திருடிங்கற பேரோட மட்டும் அந்த வீட்டு வாசல விட்டு நான் இறங்க மாட்டேன்."

ஜெராக்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த டைம்கீப்பர்தான்! தப்பு பண்ணினவன்தான் நிமிஷக் கணக்குப் போட்டு அடுத்தவங்க மேல திருப்புவான்."

"அவசரத்துல அண்டாக்குள்ளகூடக் கை போகாது. கொஞ்சம் இருங்க" என்றார் சர்வேயர் அம்மா. மோதிரத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் நிதானமாகத் திருப்பினார். "ஏம்மா, நீ இத அச்சுல ஊத்திச் செஞ்சிருந்தா உள்பக்கம் எப்படி இருக்கும்?"

"ஒரே சீரா இருக்கும். ராவி, மெருகு போட்டுடுவோம்."

"இங்க பாரு. உள்பக்கம் ஒரே ஒரு இடத்துல பள்ளமாத் தேஞ்சிருக்கு. மத்த இடமெல்லாம் சரியா இருக்கு. அந்தப் பள்ளத்தோட ஓரத்துல துளி பச்சை ஒட்டியிருக்கு, பித்தளை வருஷக்கணக்கா ஈரத்துல கிடந்தா வருமே, அந்தக் களிம்பு. ஆனா வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு."

அந்தப் பெண் முதல் முறையாக அழுகையை மறந்து குனிந்து பார்த்தாள். தன் தொழில் தெரிந்தவளுக்கு இது இரண்டு நாளாகத் தெரியாமல் போயிற்று. அவமானம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"சரி, தங்கத்துல இதே அளவுக்கு ஒண்ணு செஞ்சா?"

"எடை ரெண்டு மடங்குக்கு மேலயே வரும்."

சர்வேயர் அம்மா தலையசைத்துக்கொண்டார். "இப்போ படத்தப் பத்திச் சொல்லு. மோதிரத்த மறந்துடு. அன்னிக்கு அந்த வீட்ல யாரு எதுக்குச் சிரிச்சாங்க, எதுக்குக் கத்தினாங்க, எல்லாம் சொல்லு."

திருட்டைப் பற்றிச் சொல்ல வந்தவளுக்கு இது விநோதமாக இருந்தது. ஆனாலும் யோசித்துச் சொன்னாள். மாமா ஒரு பழைய படுக்கை விரிப்பை வெள்ளித்திரை மாதிரி மடித்துத் தைத்து வைத்திருந்தார். கீழ் ஓரத்தில் பச்சைப் பச்சையாகப் பொட்டுக் கறை. தரையில் முன்வரிசையில் உட்கார்ந்ததால் அவள் கண்ணில் பட்டது. போர்வை மூடிய அறையில் புழுக்கம் தாங்காது என்று இடப்பக்க மூலையில் மின்விசிறி ஓடியது.

"அப்புறம், படத்துல கொள்ளைக் கப்பல் தலைவன் ஒருத்தன் வருவான். எப்பவும் இடப்பக்கமிருந்துதான் வருவானாம். ஃபேன் காத்துல திரையோட இடது மூலை சுருண்டுக்குமாம். அதனால இருபத்தஞ்சு வருஷமா அவன் கால் கோணலாத்தான் தெரியும். வீட்ல அவனுக்குப் பேரே கோணக்காலன். அவன் நொண்டிக்கிட்டு வரும்போது எல்லாரும் கை தட்டணும், அதுதான் அங்க வழக்கம். என்னையும் தயாரா இருக்கச் சொன்னாங்க. ஆனா அன்னிக்கு அவன் நேரா நடந்து வந்துட்டான். எல்லாருக்கும் சப்புன்னு போச்சு. மாமாவுக்கு மட்டும் ஒரே பெருமை. 'பார்த்தீங்களா, திரை எப்படி நிக்குது!'ன்னார்."

சர்வேயர் அம்மா பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டார். "அந்த மாமா இந்த மோதிரத்தப் பார்த்தாரா?"

"இல்லக்கா. இடைவேளைல அவர் படிக்கட்டுல காத்து வாங்கப் போயிட்டார். அவருக்கு ஆறு மாசம் முன்னாடிதான் நெஞ்சுல ஆபரேஷன். சேதி தெரிஞ்சா தாங்க மாட்டார்னு யாரும் சொல்லல."

"போச்சு" என்றார் சர்வேயர் அம்மா. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கு நாங்களும் வர்றோம்."

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் தார்ப்பாய்க்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மெக்கானிக்கின் அம்மா சுவரோரம் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டைம்கீப்பர் சட்டைப் பையிலிருந்து தம் சீட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று நாளில் இளைத்துப்போயிருந்தார். கல்யாணப் பெண் வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்போடு வெளியிலேயே நின்றாள்.

வந்ததும் வராததுமாக ஜெராக்ஸ்காரர் டைம்கீப்பரின் கைக்கடிகாரம் புதிதா பழையதா என்று உற்றுப் பார்த்தார். சர்வேயர் அம்மா சுவரில் திரை மாட்டும் இரண்டு ஆணிகளைப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் காலைல மோதிரத்த எப்படிக் கழுவினீங்கம்மா?"

"ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி ஊத்தி ஊறப் போட்டேன். சிங்க் மேடைலதான். பதினோரு மணிக்கு எடுத்துத் துடைச்சுப் பெட்டில வெச்சேன். அடுப்புல எல்லாம் கொதிச்சிட்டிருக்கு, இத்தன பேருக்குச் சமையல், நான் ஒருத்தி."

"அப்போ மூக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"ஆவி படியுமேன்னு கழட்டி வெச்சிருந்தேன்."

"மேடைல அந்த ஒரு கிண்ணம்தான் இருந்துச்சா?"

"சிங்க்ல கிண்ணத்துக்கா பஞ்சம்?" என்றார் அம்மா. அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார். "மேடம், விஷயம் நடந்தது மூணு நாப்பத்திரண்டுலருந்து..."

"உங்க நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கும் தம்பி. அத அப்புறம் பார்க்கலாம். வீட்டுக்காரர் எங்க?"

அறையில் சட்டென்று ஒரு பதற்றம். "அவரு வேணாங்க" என்றாள் அக்கா. "அப்பாக்கு எதுவும் தெரியாது. இந்த வீட்ல எந்தக் கெட்ட சேதியும் அவர் காதுக்குப் போகாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"நான் மோதிரம்ங்கற வார்த்தையவே எடுக்க மாட்டேன். திரையப் பத்தி ஒரே ஒரு கேள்வி. அதுக்கு உலகத்துல அவர் ஒருத்தருக்குத்தான் பதில் தெரியும்."

அதற்குள் உள்ளறையிலிருந்து தார்ப்பாய்க்காரரே வந்துவிட்டார். கையில் ப்ரொஜெக்டரின் பல்பு. "யாரு திரையப் பத்திக் கேக்கறது? வாங்கம்மா. அன்னிக்குப் பல்பு சூடாயிடுச்சுன்னு பாதிப் படத்துல நிறுத்திட்டாங்க. மூணு நாளா கழட்டிக் கழட்டி மாட்டறேன், இதுல ஒரு கோளாறும் கிடையாது!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க திரை இந்த வருஷம் அசையாம நின்னுச்சாமே? என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

தொழில்காரரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் போதாதா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தார்ப்பாய் காத்துல பறக்காம இருக்க ஓரத்துல கனம் வெச்சுத் தைப்போம். அதே மாதிரி இதுக்கும் கீழ் மடிப்புல பன்னெண்டு வளையம் வெச்சுத் தைச்சிருக்கேன். நாங்க முதல்ல குடியிருந்த வீட்ல ஜன்னல் திரை தொங்கிச்சே, அந்தப் பித்தளை வளையம். இருபத்தஞ்சு வருஷமா பிரிக்கவே இல்ல. துவைச்சுத் துவைச்சுக் களிம்பு ஏறி விரிப்பெல்லாம் பச்சைக் கறை. இவ திட்டாத நாளில்ல. அதான் அன்னிக்குக் காலைல தையலப் பிரிச்சு, பன்னெண்டையும் எலுமிச்சைச் சாறுல ஊறப் போட்டேன்."

"எங்க?"

"சிங்க் மேடைல. ஒரு கிண்ணத்துல."

அம்மாவின் கை மெல்ல வாய்க்குப் போயிற்று.

"திரும்பி வந்து எடுக்கும்போது பன்னெண்டும் இருந்துச்சா?"

"எண்ணினேன், பதினொண்ணுதான் இருந்துச்சு. எங்கடா ஒண்ணு போச்சுன்னு பார்த்தா, பக்கத்துக் கிண்ணத்துல கிடக்குது. இவதான் எடுத்து அலசிப் பார்த்திருப்பான்னு நெனச்சேன். எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா, விரல்தான் கண்ணு. அது மட்டும் கைல நல்ல கனமா இருந்துச்சு. பித்தளைலயும் நல்ல பித்தளைன்னு ஒண்ணு உண்டு போலன்னு, அத இடது மூலைல வெச்சுத் தைச்சேன். கோணக்காலன் நேரா நடந்துட்டான்!"

வாசலில் நின்ற பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூலைத் தையல மட்டும் பிரிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

லிஃப்ட் மெக்கானிக் பாய்ந்து போய் அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்து வந்தார். தார்ப்பாய்க்காரர் சின்னக் கத்தரியால் நான்கு தையலை நறுக்கி, மடிப்பைத் தட்டினார். உள்ளங்கையில் தடித்த மஞ்சள் வளையம் ஒன்று விழுந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

"அட! இது எங்க அப்பாவோட மோதிரமாச்சே! இது எப்படி இதுக்குள்ள போச்சு?"

அம்மா ஓவென்று அழுதே விட்டார். துக்கத்தில் அல்ல. மூன்று நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிய அழுகை.

சர்வேயர் அம்மா பெரியவருக்கு நடந்ததைப் பக்குவமாகச் சொன்னார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பித்தளை மோதிரம் போலியில்ல. மோதிரமே இல்ல. உள்பக்கம் ஒரே இடத்துல தேஞ்சிருந்துச்சு. விரல்ல போட்டது அப்படித் தேயாது. வருஷக்கணக்கா ஒரு கம்பில தொங்கி, முன்னயும் பின்னயும் இழுபட்ட வளையம்தான் அப்படித் தேயும். பழைய களிம்பு வேற. அப்படின்னா அது இந்த வீட்டுப் பழைய சாமான். களிம்புக் கறை வேற எங்க இருந்துச்சு? திரையோட ஓரத்துல. அந்தத் திரை, இருபத்தஞ்சு வருஷமா பறந்தது, இந்த வருஷம் மட்டும் அசையல. ஏன்? பித்தளை இருந்த இடத்துல அதவிட ரெண்டு மடங்கு கனமா ஏதோ வந்திருக்கு. அந்தக் கணக்கச் சொன்னது இந்தப் பொண்ணுதான். அம்மா கண்ணாடி இல்லாம, அவசரத்துல எலுமிச்சைக் கிண்ணத்துல கைய விட்டு, முதல்ல பட்ட வளையத்த எடுத்துப் பெட்டில வெச்சுட்டாங்க. ஐயா எண்ணிக்கை சரியாயிடுச்சுன்னு சோப்புக் கிண்ணத்துல இருந்தத எடுத்துட்டார்."

டைம்கீப்பரைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். "பதினொரு மணிக்குப் போன பஸ்ஸுக்கு மூணே முக்காலுக்கு நின்னு சீட்டு எழுதியிருக்கீங்க தம்பி."

டைம்கீப்பர் சீட்டை நான்காக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவரைத்தான் குற்றவாளி என்று நேற்று அடித்துச் சொன்ன ஜெராக்ஸ்காரரும் கூரையைப் பார்த்தார்.

"மூணு நாளா எல்லாரும் எல்லாரையும் கேட்டீங்க" என்றார் சர்வேயர் அம்மா. "பதில் தெரிஞ்ச ஒரே ஆளுகிட்ட மட்டும் பல்பு சூடாயிடுச்சுன்னு சொல்லிட்டீங்க."

"என் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. உங்க பொய்யாலதான் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றார் பெரியவர், பல்பை ஆட்டி. அப்போதுதான் வாசலில் நின்ற மருமகளைக் கவனித்தார். "ஏம்மா, நீ ஏன் வெளிய நிக்கறே?"

அக்காதான் போனாள். அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது மன்னிக்கக்கூடிய பேச்சில்ல. தெரியும். ஆனாலும் மன்னிச்சிடு" என்றாள்.

"மூணு நாளா தூங்கலண்ணி" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அம்மா கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல மோதிரத்தைப் பார்த்து, அவள் விரலில் போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். ஜெராக்ஸ்காரருக்கும் ஏனோ கண் கலங்கியது.

"அப்போ மீதிப் படம்?" என்றார் பெரியவர். "என் பன்னெண்டாவது வளையத்தக் குடுங்க, தைச்சு மாட்டிடறேன். இவங்களும் பார்த்துட்டுப் போகட்டும்."

பெண் பையைத் திறந்தாள். பித்தளை வளையம் அவள் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடிக்கொண்டாள்.

"தர மாட்டேன் மாமா. இது என்னோடதுதான், நானே வெச்சுக்கணும்னு அண்ணி அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. அழுதுகொண்டே அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜன்னல்களில் மறுபடியும் போர்வை ஏறியது. சர்வேயர் அம்மாவுக்கு நல்ல நாற்காலியும் ஜெராக்ஸ்காரருக்குத் தலையணையும் கிடைத்தன. பதினோரு வளையம் மட்டும் தைத்த திரை ஆணியில் தொங்கியது. மின்விசிறியைப் போட்டதும் இடது மூலை மெல்லச் சுருண்டது. இருட்டில் கொஞ்ச நேரம் அலை மட்டும் அடித்தது. பிறகு கொள்ளைக் கப்பல் தலைவன் இடப்பக்கமிருந்து வந்தான், கால் கோணலாக, நன்றாக நொண்டிக்கொண்டு.

முதலில் கை தட்டியது அந்தப் பெண்தான்.